மேற்கே கிளம்பும் வரியன்கள்: கடலூர், புதுச்சேரிப் பயணக் குறிப்புகள்

வெள்ளி இரவு, மஞ்சக்குப்பம்

கோவையிலிருந்து பகல் பஸ்ஸில்தான் வந்தேன். இவ்வளவு தூரத்துக்கு எல்லோரும் ராத்திரி வண்டியைப் பிடித்துத் தூங்கிக்கொண்டே வந்துவிடுவார்கள். எனக்கோ ஜன்னலோரம் உட்கார்ந்து இந்த வழியைப் பார்க்க வேண்டியிருந்தது. வருஷா வருஷம் ஐப்பசி, கார்த்திகையில் நீலகிரியின் கல்லாறு, பர்லியாறு பக்கம் கருநீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் என்ற வண்ணத்துப்பூச்சிகள் கூட்டம் கூட்டமாக வருவதை நண்பர்களோடு போய்ப் பார்ப்பேன். "கிழக்கேயிருந்து வருது" என்போம். கிழக்கே என்றால் எங்கே? அந்தப் பக்கம் அவை எதைத் தின்கின்றன, எங்கே ஒதுங்குகின்றன, எப்போது கிளம்புகின்றன? இதையெல்லாம் கண்ணால் பார்க்கத்தான் இந்த லீவு. கடலூர் மஞ்சக்குப்பத்தில் சித்தி வீடு இருப்பது பெரிய வசதி.

சேலம் தாண்டி வாழப்பாடி, ஆத்தூர் என்று வரும்போது வடக்கே கல்வராயன் மலை, தெற்கே பச்சைமலை, நடுவில் வசிஷ்ட நதி ஓடும் பள்ளம். வரைபடத்தில் கடலூரையும் ஏற்காட்டையும் பாருங்கள், ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் நேர் கிழக்கு மேற்காக இருக்கும். இடைவெளி சுமார் 170 கிலோமீட்டர். நீலகிரி அடிவாரம் வரைக்கும் என்றால் 300 கிலோமீட்டருக்கு மேல். ஒரு கிராம் எடைகூட இல்லாத பூச்சி அதைக் கடக்கிறது. சின்னசேலம் தாண்டியதும் மலைகள் பின்னால் போய்விட்டன. அப்புறம் விருத்தாசலம், நெய்வேலி, முந்திரித் தோப்பு, செம்மண்.

இதைப் பற்றி முதல் தடவையாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தென்மேற்குப் பருவமழை ஜூன் வாக்கில் மேற்குத் தொடர்ச்சி மலையில் கொட்டத் தொடங்கும் சமயத்தில் இந்த வண்ணத்துப்பூச்சிகள் மலையை விட்டுக் கிழக்கே வந்துவிடுகின்றன. சமவெளியிலும் கிழக்குத் தொடர்ச்சி மலைகளிலும் தங்குகின்றன. அக்டோபரில் காற்று திசை மாறி, வடகிழக்குப் பருவமழை இந்தக் கரையைப் பிடிக்கும் நேரத்தில் மறுபடி மேற்கே போகின்றன. நீல வரியன், கருநீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன், அதன் உறவான இரட்டைவரிக் கருப்பன் ஆகிய நான்கும்தான் கூட்டத்தில் பெரும்பங்கு. எந்த இனம் எவ்வளவு, ஆண் எவ்வளவு பெண் எவ்வளவு, எந்தத் திசையில் போகின்றன என்று வண்ணத்துப்பூச்சி ஆய்வாளர் கிருஷ்ணமேக் குண்டே 2005இல் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அவரும் வைஷாலி பௌமிக்கும் சேர்ந்து 2018இல் வெளியிட்ட இன்னொரு கட்டுரையைப் படித்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது. பயணத்தில் இருக்கும் பெண் பூச்சிகள் முட்டை உற்பத்தியைத் தள்ளிப்போட்டுவிடுகின்றனவாம். பிள்ளை பெறுவதற்கு வைத்திருக்கும் சத்தை முதலில் பறப்பதற்குச் செலவழிக்கின்றன.

சித்தி, "இதுக்காகவா அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்த? இங்க வேலியெல்லாம் அதுதானே கெடக்கு" என்றார். நாளை அந்த வேலிகளிலிருந்தே தொடங்குவதாகச் சொல்லியிருக்கிறேன்.

சனி, கேப்பர் மலையும் திருவந்திபுரமும்

காலை ஏழரைக்குத் தம்பியின் ஸ்கூட்டரில் கிளம்பினோம். சித்தி மகன், கல்லூரியில் படிக்கிறான். வண்ணத்துப்பூச்சியில் அவனுக்கு ஆர்வம் உண்டா என்று எனக்குத் தெரியாது. "சரிக்கா, போலாம்" என்றான், அவ்வளவுதான்.

கேப்பர் மலை என்று பெயரே தவிர, மலை கிடையாது. கடலூருக்குத் தென்மேற்கே நீளமாகக் கிடக்கும் செம்மண் மேடு. முந்திரி, பனை, கொல்லை, நடுநடுவே ஓடை அறுத்த பள்ளங்கள். ஒரு கொல்லை வரப்பில் மஞ்சள் பூவோடு கிலுகிலுப்பைச் செடி மண்டிக் கிடந்தது. வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

ஒவ்வொரு செடியிலும் நான்கைந்து நீல வரியன்கள். ஒன்றுகூடப் பூவில் இல்லை. காய்ந்த தண்டிலும், பூச்சி அரித்த இலையிலும், உடைந்த காயிலும் ஒட்டிக்கொண்டிருந்தன. கால் நகத்தால் இலையைப் பிறாண்டுகின்றன. கசிகிற சாற்றை உறிஞ்சுகின்றன. அந்தப் பிறாண்டலை மிக அருகில் போனால் காதாலேயே கேட்கலாம். நான் முட்டி போட்டு உட்கார்ந்து கேட்டேன்.

கூட்டத்தில் அநேகமாக எல்லாமே ஆண்கள். நீல வரியன் ஆணைக் கண்டுபிடிப்பது எளிது. பின்னிறகின் அடிப்பக்கத்தில் சின்ன பை மாதிரி ஒரு புடைப்பு இருக்கும். கிலுகிலுப்பையில் பைரோலிசிடின் ஆல்கலாய்டு என்ற நச்சுப் பொருள் இருக்கிறது. ஆடு மாடு அதிகமாக மேய்ந்தால் ஈரல் கெட்டுப்போகும். ஆனால் இந்தப் பூச்சிகளுக்கு அது இரண்டு வகையில் உதவுகிறது. உடம்பில் ஏற்றிக்கொண்டால் பறவைகளும் சிலந்திகளும் ஒதுங்கிப் போகும். ஆண் பூச்சி அதையே மாற்றிப் பெண்ணை ஈர்க்கும் வாசனைப் பொருளாக்கிக்கொள்கிறது. வயிற்று நுனியில் மறைத்து வைத்திருக்கும் மயிர்க்கற்றையை விரித்து அந்த வாசனையைப் பெண்ணின்மேல் தூவும். வெண்புள்ளிக் கருப்பனைக் கையில் பிடித்தால் அந்த மஞ்சள் கற்றை வெளியே வருவதைப் பார்க்கலாம். பார்ப்பதற்காக யாரும் பிடிக்க வேண்டாம். செடியருகே பொறுமையாக நின்றால் தானாகவே காணக் கிடைக்கும்.

தேள்கொடுக்குச் செடியிலும் இதே பொருள் உண்டு. பசுந்தாள் உரத்துக்கு விதைக்கிற சணப்பு, கிலுகிலுப்பையின் நெருங்கிய உறவு. ஆக, உழவர் மண்ணுக்காக விதைப்பதும், யாரும் விதைக்காமல் வரப்பில் முளைப்பதும் இந்தப் பயணத்துக்குக் கட்டுச்சோறு. நான் இத்தனை வருஷமாகப் பூச்செடிகளைப் பற்றியே பேசிவந்தேன். இனி காய்ந்த தண்டைப் பற்றியும் பேச வேண்டும்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா வந்து நின்றார்.

"என்னம்மா, மூலிகை பறிக்கிறீங்களா?"

"இல்லம்மா, இந்தப் பூச்சியைப் பாக்குறோம். எப்பலேர்ந்து இருக்கு இங்க?"

"ஆடி கழிஞ்சு நெறைய பொறக்கும். இப்ப இருக்குறது மழை நாலு நாள் விடாம பேஞ்சா போயிடும். அப்புறம் தேடுனாலும் கெடைக்காது."

எங்கே போகும் என்று கேட்டேன். கையை மேற்கே காட்டினார். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்றதற்கு, "காலைல வெயில் முதுகுல அடிக்க நிப்பேன்ல, எல்லாம் எனக்கு முன்னாடியே போவும்" என்றார். ஆய்வுக் கட்டுரைகளில் திசை குறிப்பதற்குக் காம்பஸ் வேண்டும். இவருக்கு முதுகில் விழும் வெயில் போதுமாக இருக்கிறது.

பத்து மணிக்குத் திருவந்திபுரம். தேவநாத சுவாமி கோயிலுக்கு எதிரே இருக்கும் சின்னக் குன்றுக்கு ஔஷதகிரி என்று பெயர். அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு போனபோது விழுந்த துண்டு என்பது தல புராணம். உச்சியில் ஹயக்ரீவர் சன்னிதி. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளோடு பெற்றோர் ஏறிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் கெடிலம் ஆற்றைப் பார்த்தபடி ஒரு ஓரமாக நின்றோம்.

வலசையை, அதாவது இப்படிக் கூட்டமாக இடம்பெயர்வதை, எண்ணுவதற்கு எளிய முறை ஒன்று உண்டு. இரண்டு மரங்களைக் குறித்துக்கொண்டு, நடுவே ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும். ஐந்து நிமிஷத்தில் அந்தக் கோட்டை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தாண்டுபவை எத்தனை, எதிர்ப்பக்கமாகத் தாண்டுபவை எத்தனை என்று தனித்தனியாகக் குறிக்க வேண்டும். சும்மா சுற்றித் திரியும் பூச்சிகள் என்றால் இரண்டு எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும். வலசை என்றால் ஒரு பக்கம் ஏறிவிடும். இரண்டு பனைகளுக்கு நடுவே தம்பி எண்ணினான், நான் எழுதினேன். மேற்கே போனவை 31, கிழக்கே வந்தவை 4. அடுத்த ஐந்து நிமிஷத்தில் 26, 3. அதற்கப்புறம் அவன் என்னைக் கேட்காமலே எண்ணத் தொடங்கிவிட்டான்.

வலசை போகிற பூச்சியின் பறப்பே வேறு. தரையிலிருந்து இரண்டு மூன்று ஆள் உயரம், நேர்கோடு. வழியில் பூ இருந்தாலும் இறங்குவதில்லை. மரமோ கட்டடமோ எதிர்ப்பட்டால் சுற்றிப் போகாமல் மேலேறித் தாண்டி, மறுபடி பழைய உயரத்துக்கு இறங்குகிறது. கோயில் மதிலை ஒரு கருநீல வரியன் அப்படித் தாண்டிப் போனதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. கீழே பூக்கடையில் அவ்வளவு பூ. அது திரும்பியே பார்க்கவில்லை.

ஞாயிறு, கீழ்ப்புத்துப்பட்டு

இன்று நிறைய எழுத இருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு பஸ். அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் போகிற வண்டி. காலாப்பட்டு பல்கலைக்கழகத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கீழ்ப்புத்துப்பட்டு. இது விழுப்புரம் மாவட்டம், ஆனால் புதுச்சேரிக்காரர்களுக்குத்தான் பக்கம். மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயிலைச் சுற்றி இருக்கும் கோயில்காட்டைப் பார்க்கத்தான் வந்தோம்.

சோழமண்டலக் கரையில் ஒரு காலத்தில் இருந்த காடு எப்படி இருந்திருக்கும் என்பதற்கு மிஞ்சியிருக்கும் சாட்சிகளில் ஒன்று இது. உலர் பசுமைமாறாக் காடு என்று தாவரவியலாளர்கள் சொல்கிறார்கள். வருஷத்தில் பாதிக்கு மேல் காய்கிற கரை, ஆனாலும் இலை உதிர்க்காத மரங்கள். காயா, வீரை, குருந்து என்று சின்ன இலைகளும் கெட்டியான தோலும் கொண்டவை. உயரம் அதிகமில்லை. கொடிகள் பின்னிப் பிணைந்து கிடக்கும். விசாகப்பட்டினத்திலிருந்து ராமநாதபுரம் வரைக்கும் கரையோரமாக இருந்த இந்த வகைக் காடு, இப்போது பெரும்பாலும் ஐயனார், அம்மன் கோயில்களைச் சுற்றித்தான் துண்டு துண்டாக உயிரோடு இருக்கிறது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனமும் புதுவைப் பல்கலைக்கழகமும் இந்தக் கோயில்காடுகளில் எத்தனையோ வருஷமாகத் தாவரக் கணக்கெடுத்து வந்திருக்கின்றன. 1968இல் தொடங்கிய ஆரோவில்லில் மரம் வைத்தவர்களும், எந்த மண்ணுக்கு எந்த மரம் என்று தெரிந்துகொள்ள இந்த மாதிரிக் காடுகளைத்தான் பார்த்தார்கள். அன்று ஆரோவில் வெறும் செம்மண் பொட்டல். இன்று அங்கே இருக்கும் பிச்சாண்டிக்குளம் காட்டில் இதே மரங்கள் நிற்கின்றன.

கோயிலில் கூட்டம். புது வண்டிக்குப் பூஜை, பொங்கல், மொட்டை. ஐயனாரைக் கும்பிட்டுவிட்டுப் பின்பக்கமாக நடந்தோம். நூறு அடி தாண்டியதும் வெயில் இல்லை, சத்தம் இல்லை. உடம்பு வேர்வை குளிர்ந்தது.

அங்கே ஒரு காய்ந்த கொடி, காயா மரத்திலிருந்து தரைவரை தொங்கியது. அதில் சருகு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றுதான் முதலில் தோன்றியது. தம்பி மெதுவாக, "அக்கா, அது சருகில்ல" என்றான். இறக்கையை மூடிக்கொண்டு, ஒன்றன்மேல் ஒன்று படாத குறையாக, கொடி நீளத்துக்கும் கருநீல வரியன்கள். பக்கத்துக் கொடியிலும் அவைதான், நடுவே வெண்புள்ளிக் கருப்பன்கள். வேரிலும் குச்சியிலும்கூட இருந்தன. பச்சை இலையில் ஒன்றுகூட உட்காரவில்லை. காய்ந்ததாகத் தேடிப் பிடித்திருக்கின்றன. காய்ந்த குச்சியின் நிறத்தோடு மூடிய இறக்கையின் மங்கல் பழுப்பு ஒன்றிப்போகிறது.

மேகம் விலகி ஒரு கற்றை வெயில் உள்ளே இறங்கியது. அது பட்ட இடத்தில் இருந்தவை மட்டும் இறக்கையை விரித்தன. கறுப்பில் வெளிர்நீலக் கோடுகள். வெயில் நகர நகர, விரிவதும் நகர்ந்தது. நான் கேமராவை எடுக்கவேயில்லை. தம்பிதான் படம் எடுத்தான்.

எண்ண முடியவில்லை என்று எழுதினால் எனக்குத் திருப்தியாக இருக்காது. ஆகவே ஒரு கொடியில் ஒரு முழம் நீளத்தில் இருந்ததை எண்ணினோம்: 40. அப்படிப்பட்ட கொடிகளை மேலோட்டமாகக் கூட்டிப் பார்த்தால், நாங்கள் பார்த்த அந்த மூலையில் மட்டும் ஆயிரத்துக்குக் குறையாது.

மெக்சிகோவில் மிச்சோவாக்கான் மலைகளின் தேவதாரு மரங்களில் மோனார்க் வண்ணத்துப்பூச்சிகள் குளிர்காலத்தைக் கழிப்பதை எல்லோரும் படத்தில் பார்த்திருப்பீர்கள். வட அமெரிக்காவிலிருந்து போகும் அவை எங்கே போய்ச் சேர்கின்றன என்பது வெளியுலக அறிவியலுக்குத் தெரியவந்ததே 1975இல்தான். கனடாவின் ஃபிரெட் உர்குஹார்ட், இறக்கையில் சின்ன ஒட்டுச்சீட்டு ஒட்டிப் பல வருஷம் தேடினார். அவருக்காகத் தேடிப்போன கென் பிரக்கரும் கட்டலினா அகுவாடோவும் அந்த மலையைக் கண்டார்கள். அங்கே போகிறவர்களுக்கு ஒரு மலை இருக்கிறது, நுழைவுச்சீட்டு இருக்கிறது, வழிகாட்டி இருக்கிறார். நம் வரியன்களும் அதே குடும்பம்தான். ஆனால் நம் ஊர் வலசைக்கு அப்படி ஒரே சேருமிடம் கிடையாது. கொல்லை வரப்பு, ஓடைக்கரை, ஐயனார் காடு, மறுபடி வரப்பு என்று துண்டு துண்டாகத்தான் வழி. இந்தத் துண்டில் ஒரு பகல் ஒதுங்கி, வெயில் வந்தால் அடுத்த துண்டுக்குப் போகின்றன. நடுவே ஒரு துண்டு போனால் அடுத்தது எவ்வளவு தூரம் என்று அதற்கு எப்படித் தெரியும்? நேற்றுப் பார்த்த கிலுகிலுப்பை வரப்பும் இன்று பார்த்த காடும் என் மனதில் இப்போது ஒரே இடமாகத்தான் பதிந்திருக்கின்றன.

கோயிலில் ஒரு பெரியவர், கிளையை ஒடிக்கக்கூடாது என்று யாரும் எழுதி ஒட்டவில்லை, "ஐயனார் மரத்துல எவன் கை வப்பான்" என்றார். அந்த பயம்தான் இந்தக் காட்டை இதுவரைக்கும் காப்பாற்றி வந்திருக்கிறது, அதற்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் விளிம்பில் பிளாஸ்டிக் தட்டும் தண்ணீர் பாட்டிலும் குவிந்து கிடப்பதைப் பார்க்க வயிறு எரிகிறது. அதை எரிக்கும் புகை நேராக அந்தக் கொடிகளுக்குத்தான் போகிறது. கும்பிட வருகிறவர்கள் வாழை இலை கொண்டு வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

திங்கள், மஞ்சக்குப்பம்

விடியற்காலையிலிருந்து மழை. எங்கும் போகவில்லை.

சித்தி வீட்டு அரளியில் கொஞ்ச நேரம். வெண்புள்ளிக் கருப்பனின் புழு அரளி இலையைத் தின்னும். ஆல், அரசு, நன்னாரி இலைகளும் அதற்கு ஆகும். உடம்பில் நாலு ஜோடி கறுப்புக் கொம்பு நீளமாக ஆடும். அதன் கூட்டுப்புழுவைப் பார்த்தவர்கள் மறக்கவே மாட்டார்கள். இலைக்கடியில் பளபளவென்று வெள்ளி நிறத்தில் தொங்கும், முகம் பார்க்கலாம். சித்தி இருபது வருஷமாகப் பூப்பறிக்கிற செடி, இலையைத் திருப்பிக் காட்டியபோது, "அய்யோ, இது எப்பலேர்ந்து?" என்று மூக்குக்கண்ணாடியை எடுத்து வந்தார். நான்கு வழிச்சாலைகளின் நடுத்திட்டில் நட்டு வைத்திருக்கும் அரளியிலும் இது வளர்கிறது. பூ அழகுக்காக வைத்ததே தவிர, அது ஒரு பிரசவ அறையும்கூட.

மத்தியானம் பேச்சு புயலைப் பற்றித் திரும்பியது. இந்த ஊரில் மழை வந்தால் புயல் பேச்சு வராமல் இருக்காது. 2011 டிசம்பர் 30ஆம் தேதி கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே தானே புயல் கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புதுச்சேரியருகே கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. இந்தக் காலண்டரைப் பார்த்தால் வரியன்கள் அக்டோபரில் கிளம்புவதன் அர்த்தம் புரிகிறது. எத்தனையோ தலைமுறைகளாக, இந்தக் கரையில் நவம்பர் எப்படி இருக்கும் என்பது அவற்றின் உடம்பிலேயே இருக்கிறது.

செவ்வாய், தேவனாம்பட்டினமும் உப்பனாறும்

மழை விட்டது. ஒன்பது மணிக்கு வெயில் சுள்ளென்று வந்ததும் கடற்கரைக்குப் போனோம். மணலில் இரை தேடும் பூச்சி எதுவும் இல்லை. ஆனால் சவுக்குத் தோப்பின் விளிம்பில் வெண்புள்ளிக் கருப்பன்கள் ஒவ்வொன்றாகக் கரைக்கு இணையாகத் தெற்கே போய்க்கொண்டிருந்தன. கடல் பக்கம் ஒன்றும் திரும்பவில்லை. தனுஷ்கோடியில் சிவப்புடல் அழகி என்ற வண்ணத்துப்பூச்சிகள் கடலைத் தாண்டி இலங்கைப் பக்கம் போவதைப் பலர் பதிவு செய்திருக்கிறார்கள். அதைப் பார்க்கும் ஆசை இன்னும் பாக்கி.

உப்பனாற்றின் ஓரம், உப்புப் பூத்த சேற்று மண்ணில் தேள்கொடுக்கின் உறவான சின்னச் செடி ஒன்று படர்ந்திருந்தது. வெளிர் இலை, சுருண்ட வெள்ளைப் பூங்கொத்து. நீல வரியன்கள் அங்கேயும் அதே வேலையில். இரண்டு மூன்று வெந்தய வரியன்களும் கூடவே. வெந்தய வரியனின் புழு தின்பது எருக்கு. அது பக்கத்துக் குப்பை மேட்டில் தாராளமாக இருந்தது.

சாயங்காலம் தும்பிகள்! மீன்பிடித் துறை பக்கம், தலைக்கு மேலே, ஆயிரக்கணக்கில். மஞ்சள் கலந்த உடம்பு, அகலமான பின்னிறகு. "தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை வரும்" என்பதைச் சின்ன வயதில் சொல்லிக்கொண்டு துரத்தியிருக்கிறோம். இந்தத் தும்பிதான் உலகத்திலேயே அதிக தூரம் வலசை போகும் பூச்சிகளில் ஒன்று. மாலத்தீவில் வாழ்ந்த சார்லஸ் ஆண்டர்சன் என்ற உயிரியலாளர், நல்ல தண்ணீர்க் குளமே இல்லாத அந்தத் தீவுகளில் அக்டோபரில் எப்படி லட்சக்கணக்கில் தும்பிகள் வந்து இறங்குகின்றன என்று வருஷக்கணக்கில் குறித்துவந்தார். இந்தியாவிலிருந்து கிளம்பி, மாலத்தீவு வழியாக இந்தியப் பெருங்கடலைத் தாண்டி, கிழக்கு ஆப்பிரிக்கா வரை போகின்றன என்று 2009இல் எழுதினார். போகவர 14,000 முதல் 18,000 கிலோமீட்டர். ஒரே தும்பி முழுச் சுற்றையும் போவதில்லை, நான்கு தலைமுறைகள் சேர்ந்து முடிக்கின்றன.

வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் வியப்படையவில்லை. "நடுக்கடல்ல போட்டுல வந்து குந்தும்மா. கரையே கண்ணுக்குத் தெரியாது, இது வந்து கயித்துல குந்தும். எங்கேர்ந்து வருதுன்னு நாங்களும் பேசிக்குவோம்" என்றார். எந்த மாதம், கரையிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன். இவர்களிடம் யாராவது வருஷம் முழுக்கக் கேட்டு எழுதினால் எவ்வளவு பெரிய பதிவு கிடைக்கும் என்று நினைத்தபடியே திரும்பினேன்.

புதன், மஞ்சக்குப்பம்

இன்று புதுச்சேரிப் பக்கம் ஊசுட்டேரிக்குப் போவதாக இருந்தோம். போகவில்லை. காரணம் சித்தி தெருமுனையில் இருக்கும் காலி மனை.

காலையில் பால் வாங்கப் போன தம்பி ஓடி வந்தான். "அக்கா, நீ சொன்ன கொடி. வேலி பூரா இருக்கு." பெருங்குறிஞ்சான் என்றும் சொல்லும் கொடிப்பாலை. அகலமான இலை, பச்சைப் பூங்கொத்து, ஒடித்தால் பால். நீல வரியன், கருநீல வரியன் இரண்டும் முட்டையிடுவது இதில்தான். முள்வேலிக் கம்பியே தெரியாத அளவுக்குப் படர்ந்திருந்தது. இலையைத் திருப்பத் திருப்ப, வெள்ளையும் கறுப்புமாகக் கோடு போட்ட புழுக்கள், முன்னும் பின்னும் ஒரு ஜோடிக் கொம்போடு. பச்சைக் கூட்டுப்புழுக்கள், உலோகப் புள்ளி மின்ன. காலியாக வெடித்துப்போன கூடுகள் அதைவிட அதிகம்.

ஜூனில் வந்தவையே அக்டோபரில் திரும்புவதில்லை. பெரும்பாலும் இங்கே பிறந்த பிள்ளைகள்தான் மேற்கே போகின்றன. அப்படியென்றால் நாங்கள் பர்லியாற்றில் பார்த்து வாயைப் பிளக்கிற கூட்டத்தில் சிலது இந்த மாதிரி ஒரு மனை வேலியில் பிறந்ததாக இருக்கும். மலையைப் பார்த்தேயிராத பூச்சி மலைக்குப் போகிறது. எனக்கு இதை எழுதும்போதுகூடக் கை நடுங்குகிறது.

மனையைச் சுத்தம் செய்ய ஜேசிபி நாளை வருவதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். டெங்கு பயத்தில் புதரைச் சீக்கிரம் எடுக்கச் சொல்லி அக்கம்பக்கத்தார் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் பயம் நியாயம்தான். சித்தி உரிமையாளருக்குப் போன் போட்டுக் கொடுத்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர். நான் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர் நேரிலேயே வந்துவிட்டார். தம்பி அவருக்கு ஒரு கூட்டுப்புழுவைக் காட்டினான். நான் சொல்வதற்கு முன்பே, இரண்டு வகை வரியனுக்கும் என்ன வித்தியாசம், எண்ணுவது எப்படி, கொசு தேங்கிய தண்ணீரில்தான் வளரும், கொடியில் வளராது என்று வரிசையாக அவனே எடுத்துச் சொன்னான்.

"நடுவுல இருக்குற குப்பையும் தேங்குற பள்ளமும் எடுத்துடலாம். வேலியை விட்டுடச் சொல்றேன். தை பொறக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் அவர். ஜேசிபிக்காரருக்கு அங்கேயே போன் போட்டார். தம்பி சிவப்புத் துணியைக் கிழித்து வேலி நெடுக அடையாளம் கட்டினான்.

நாளைக் காலை பஸ். மழை மறுபடி பிடிக்கும் முன் இன்னும் ஒரு வாரம் இங்கே வலசை நடக்கும் போலிருக்கிறது. கடலூர், புதுச்சேரி, விழுப்புரம், பண்ருட்டிப் பக்கம் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரைக்கும், வெயில் இருக்கும் நாளில், மொட்டைமாடியிலோ வயலிலோ ஐந்து நிமிஷம் நில்லுங்கள். இரண்டு கம்பத்துக்கு நடுவே மேற்கே போவது எத்தனை, கிழக்கே வருவது எத்தனை என்று தனித்தனியாக எண்ணுங்கள். ஊர், தேதி, மணி, முடிந்தால் ஒரு படம் சேர்த்து, உயிரினப் பதிவுகளைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் போடுங்கள், அல்லது இங்கே கருத்துப் பெட்டியில் எழுதுங்கள். ஒன்றுமே போகவில்லை என்றாலும் அதையும் எழுதுங்கள், அதுவும் கணக்குத்தான். மஞ்சக்குப்பம் எண்ணிக்கையைத் தம்பி தினமும் போடுவதாகச் சொல்லியிருக்கிறான்.